கூப்பிடாத பெயர்

பிரிசில்லாவிடமிருந்து முதலில் பறிபோனவை விசிலும் ஆரஞ்சு ஜாக்கெட்டும்தான். பட்டப்பெயர் அதற்குப் பிறகே போயிற்று.

சிதம்பரத்துக்கு வெளியே, வெள்ளாற்றுப் பாலம் தாண்டி வரும் சாலையை ஒட்டி நிற்கிறது வெள்ளாறு பல்கலைக்கழகம். அதன் அறிவியல் கட்டடத்தில் ‘ஃபயர் மேடம்’ யாரென்று கேட்டால் வேதியியல் துறை பிரிசில்லாவைத்தான் கைகாட்டுவார்கள். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான். எப்போதோ ஒரு செய்முறை வகுப்பில் அசிட்டோன் பாட்டில் கவிழ்ந்து மேசை பற்றிக்கொண்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். பிரிசில்லா மணல் வாளியைத் தூக்கிக் கொட்டி அணைத்துவிட்டு, “என்னா வேடிக்கை? வெளிய போங்க” என்று ஓர் அதட்டுப் போட்டாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்த வாரமே தீத்தடுப்புப் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

சம்பளத்தில் சல்லிக்காசு கூடவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள், ஏப்ரல் மாதத் தீத்தொண்டு வாரத்தில் சைரன் அலறும். கழுத்தில் விசிலும் புடவைக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட்டுமாக அவள் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறாளோ அந்தப் பக்கம் துறைத்தலைவரும் நடந்தாக வேண்டும். ராணி மாதிரி என்று சொல்லலாம்தான். ராணிகளுக்கு விசில் கிடையாது.

பிறகு இயற்பியல் துறைக்குச் சுவாதி வந்தாள்.

சுவாதியிடம் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, அதுதான் பிரிசில்லாவுக்குத் தாங்கவில்லை. வேலை கெட்டிக்காரத்தனம், பேச்சு பதவிசு. பார்த்த இடத்தில் “வணக்கம் மேடம்”, தனியாக இருந்தால் “அக்கா, சாப்டீங்களா?” சென்னைக்குப் போய்த் தீப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து வந்தாள். வந்த கையோடு ஒவ்வொரு மாடியிலும் வெளியேறும் வழி வரைபடம் ஒட்டினாள். வருஷக்கணக்காகச் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்த மேற்குப் படிக்கட்டைத் திறக்க வைத்தாள். அந்தச் சங்கிலியை எடுக்கச் சொல்லி பிரிசில்லா எத்தனை தடவை நடையாய் நடந்திருப்பாள்! அவள் கேட்டபோது சாவி தொலைந்து போயிருந்தது. சுவாதி கேட்டதும் சாவி கிடைத்துவிட்டது.

இந்த வருஷம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. தீப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர், சுவாதி. அதற்குக் கீழே மாடிவாரியாகப் பொறுப்பாளர்கள். அதில் மூன்றாவது மாடிக்குப் பிரிசில்லா.

“மூணாவது மாடி,” என்று அன்று இரவு கடலூரில், மஞ்சக்குப்பம் வீட்டில், தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள். “கட்டடமே என்னுதா இருந்துது. இப்ப எனக்கு ஒரு மாடி.”

கணவன் தேவசகாயம் மின்வாரியத்தில் இருக்கிறவன். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன், கிண்டல் மட்டும் நன்றாக வரும். “ஜாக்கெட்டு போனா போவட்டும் வுடு பிரிசி. ஒனக்கு அந்த ஆரஞ்சு கலர் எடுப்பாவே இல்ல.”

“அவளுக்கு மட்டும் எடுப்பா இருக்குதா?”

“நான் பாக்கலையே. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அந்தத் தோசை கருகிப் போயிற்று. கருகினதைத்தான் அவனுக்கு வைத்தாள்.

சுவாதிக்கு அந்த நிறம் எடுப்பாகவே இருந்தது. மாநிறம், ஒல்லி உடம்பு, இறுக்கிக் கட்டின கொண்டை. ஒத்திகைக்கு முந்தின வாரம் அவள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது முதலாம் ஆண்டுப் பெண்கள், “ஃபயர் மேடம் வர்றாங்கடி” என்றார்கள். அதே வராந்தாவில், அதே தூணுக்குப் பக்கத்தில் பிரிசில்லா நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகள் புதுசு, அவர்களுக்கு என்ன தெரியும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. வயிறு எரிந்தது. அந்தக் கட்டடத்தில் சுவருக்குச் சுவர் தீயணைப்பான் தொங்குகிறது, இந்த எரிச்சலுக்கு ஒன்றும் உதவாது.

சுவாதி நேரே அவளிடம் வந்தாள். “அக்கா, ஒரு டவுட்டு. இந்தத் தடவை கடலூர்லருந்து ஃபயர் ஆபீஸரே வர்றாரு. கீழ கெழக்குப் படிக்கட்டு அடியில ஈர வைக்கோல வச்சிப் பொகை போடலாம்னு இருக்கேன். தெனம் ஏறுற படியில பொகையப் பாத்தாத்தானே மேக்குப் படிக்குப் போவாங்க? மாடிக் கதவுங்க சாத்தியிருந்தா பொகை மாடிக்குள்ள வராது, மேல மொட்ட மாடி வழியா போயிடும். சரிதானேக்கா?”

சரியாகத்தான் இருந்தது. பிரிசில்லாவுக்கு இந்த யோசனை ஒரு வருஷம்கூட வந்ததில்லை. “எனக்கென்ன தெரியும்? நீதானே கோர்ஸ் முடிச்சவ,” என்றாள்.

சுவாதியின் முகம் சுருங்கிப் போனது. அது பிரிசில்லாவுக்கு மத்தியானம் வரைக்கும் இனிப்பாக இருந்தது.

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்லியாக வேண்டும். சுவாதி வேலைக்கு வந்த புதிதில் ஒத்திகைக்கு உதவிக்கு நின்றாள். எல்லோரும் கீழே இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டின புங்க மரத்தடியில், ‘ஒன்றுகூடும் இடம்’ என்று பலகை வைத்த இடத்தில் நின்றிருந்தார்கள். பெயர் கூப்பிடும் வேலை சுவாதிக்கு. அவளும் கணீரென்று கூப்பிட்டுக்கொண்டே வந்து, “நடனசபாபதி!” என்று ஒரு குரல் விட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடனசபாபதி என்றால் தாவரவியல் பேராசிரியர், ஓய்வுக்கு நெருங்கினவர், துணைவேந்தரே ‘அய்யா’ போட்டுப் பேசுகிறவர். பிரிசில்லா ஓடிப்போய்ச் சுவாதியின் முழங்கையைக் கிள்ளினாள். “பெரியவங்களப் பேர் சொல்லியா கூப்புடுவ? கண்ணால பாத்துட்டு டிக் அடி. அவுங்க எங்க போவப் போறாங்க!”

அன்றிலிருந்து அதுவே வழக்கம். பிள்ளைகளுக்கும் சின்னவர்களுக்கும் பெயர் கூப்பிடுவது. பெரியவர்களுக்குக் கண்பார்வை, இல்லாவிட்டால் ஒரு நம்பிக்கை. சுவாதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சொல்லிக் கொடுத்தால் மறக்காத பெண்.

ஒத்திகை நாள் வந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த பிரிசில்லா, பாலத்தைத் தாண்டும்போது அந்த யோசனையை முழுசாகப் போட்டு முடித்திருந்தாள். பெரிய சதி ஒன்றும் இல்லை. அவள் கீழே இறங்கப் போவதில்லை, அவ்வளவுதான். மாடிப் பொறுப்பாளர் கடைசியாக இறங்கி, நேரில் வந்து ‘என் மாடி காலி’ என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. அவள் வராவிட்டால் சுவாதியின் கணக்கு நிற்காது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, “பிரிசில்லா மேடம், எங்க இருக்கீங்க?” என்று பதறுவாள். அதிகாரி முகம் சுளிப்பார். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுவார்கள். நன்றாகத் தேடவிட்டு, அப்புறம் சாவகாசமாக இறங்கி வந்து அவள் சொல்லப்போகும் வாக்கியம்கூடத் தயார். “மேல கடைசி ரூம் வரைக்கும் செக் பண்ணிட்டு வரேன். அதுக்குள்ள என்னா அவசரம்? என் காலத்துல இப்படி இல்ல.”

‘என் காலத்துல’ என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்தி.

மாடிக்கு வந்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. கிழக்குப் படிக்கட்டின் கனத்த கதவு. அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. கண்ணாடிச் சாமான் தூக்கி வருகிறவர்களுக்குத் தொந்தரவு என்று எப்போதும் ஒரு செங்கல் வைத்துத் திறந்தே போட்டிருப்பார்கள். சுவாதி அந்தச் செங்கல்லை எடுத்துப் பூந்தொட்டிக்கு அண்டை கொடுத்துவிட்டு, கதவில் ‘திறந்து வைக்காதீர்கள்’ என்று ஒட்டியிருந்தாள். பிரிசில்லா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். செங்கல்லைக் காலால் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தாள். ஒத்திகை முடிந்து அதிகாரி மாடி மாடியாகப் பார்க்க வருவார். பார்க்கட்டுமே, கோர்ஸ் முடித்தவளின் லட்சணத்தை!

புகை மேலே ஏறும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அன்றைக்கு அது அவள் புத்தியில் உறைக்கவில்லை. பொறாமை பிடித்தவளுக்குப் பாடம் எங்கே நினைவிருக்கும்?

சாப்பாட்டு நேரம் முடிந்து கட்டடமே லேசாகக் கிறங்கிக் கிடந்தபோது சைரன் அலறியது. மூன்றாவது மாடிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டும் பையைத் தேடிக்கொண்டும் வெளியே வந்தார்கள். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்புக் குவியலில் ஆளுக்கு ஒரு ஜோடியைத் தேடிக் கூட்டம் தேங்கியது. “செருப்பு கெடக்கட்டும், நட!” என்று பிரிசில்லா அதட்டினாள். குரலில் பழைய வலு இருந்தது. எல்லோரும் மேற்குப் படிக்கட்டில் இறங்கினார்கள். கடைசியாக அந்த மாடி உதவியாளர் மங்கலம் நின்றாள்.

“நீங்க வரலியா மேடம்?”

“நீ போ. ரூமெல்லாம் ஒரு பார்வ பாத்துட்டுப் பின்னாலயே வர்றேன்.”

மங்கலம் இறங்கினாள். பிரிசில்லா மேற்குக் கோடியிலிருந்து கதவு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டு கிழக்கே நடந்தாள். ஆள் இல்லை, ஆள் இல்லை, ஆள் இல்லை. பாதி வராந்தாவில் கால் நின்றது. மிச்சம் இருந்தது கிழக்குக் கோடியில், படிக்கட்டுக் கதவை ஒட்டின அறை. நடனசபாபதி அய்யாவுடையது. சாப்பிட்டதும் அவர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கண்ணயர்வார். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்பது மாடியின் எழுதாத சட்டம். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கு அய்யா இன்றைக்குக் கடலூர் போவதாக யாரோ சொன்ன ஞாபகம். போயிருப்பார். கீழே மைக்கில் சுவாதியின் குரல் கேட்க ஆரம்பித்தது. இனியும் நின்றால் யாராவது மேலே வந்துவிடுவார்கள். பிரிசில்லா திரும்பி நடந்து, மேற்குக் கோடியிலிருந்த கருவி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கருவிகளுக்காக அங்கே எப்போதும் ஏசி ஓடும். ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினால் புங்க மரத்தடி நன்றாகத் தெரிந்தது, சத்தமும் கேட்டது. ஆரஞ்சு ஜாக்கெட் கூட்டத்துக்கு நடுவில் இங்கேயும் அங்கேயுமாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காக்கி உடுப்பில் அதிகாரி சடையப்பன், கனத்த மீசை, கையில் கடிகாரம். பதிவாளர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டன. முதல் மாடி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. பிரிசில்லா ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டாள். மூன்றாவது மாடிப் பிள்ளைகளின் பெயர்கள். உள்ளேன், உள்ளேன், உள்ளேன். இதோ. இப்போது.

சுவாதி தலையை நிமிர்த்திக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். மங்கலம் ஏதோ சொல்வது தெரிந்தது. சுவாதி தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“மூணாவது மாடிக்குப் பொறுப்பு நம்ம பிரிசில்லா மேடம். இந்தக் கட்டடத்துக்கு இதையெல்லாம் மொதல்ல சொல்லிக் கொடுத்தவங்களே அவுங்கதான். அவுங்க மாடிய நான் செக் பண்ணணுமா? அது காலியாத்தான் இருக்கும். சார், மொத்தக் கட்டடமும் காலி!”

கைதட்டல் எழுந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். யாரோ கேண்டீன் பக்கம் கையசைக்க, டீ டிரம்மும் வடைத் தட்டும் வந்தன.

பிரிசில்லா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நன்றாகப் புரிந்தது. அவளை யாரும் தேடவில்லை. இத்தனை பேர் நிற்கிற கூட்டத்தில் அவள் இல்லாதது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எத்தனை வருஷம் இந்தக் கூட்டத்தை அவள் எண்ணியிருப்பாள்! அவளை எண்ண ஆளில்லை.

இப்போது இறங்கிப் போனாலும் சுவாதியின் கணக்கு பொய்யாகும். பிரிசில்லா ஆசைப்பட்டதும் அதுதானே? ஆனால் அதற்கு, ‘நான் உள்ளே இருந்தேன், நீங்க யாரும் கவனிக்கல’ என்று அவள் வாயாலேயே ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு அவள் நாக்கு எழாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே மங்கலம் வடையை இரண்டாகப் பிட்டுக்கொண்டிருந்தாள். அவள்கூட!

மூக்கைத் துடைத்தபோதுதான் வாடை அடித்தது. வைக்கோல் வாடை.

கதவைத் திறந்தாள். வராந்தாவின் கிழக்குப் பாதியைக் காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு திரை தொங்கிற்று. செங்கல் வைத்த கதவின் வழியாகப் புகை மெத்தென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து இருமல் கேட்டது. வயசான நெஞ்சின் இருமல்.

“அய்யா!” என்று கத்தினாள். பதில் இல்லை. படுக்கும்போது காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறவர் அவர். சைரனே கேட்காதவருக்கு இவள் குரலா கேட்கும்? இருமல் கிழக்கே நகர்ந்தது. அய்யா தினமும் ஏறி இறங்குகிற படியைத் தேடிப் போகிறார். பழக்கம் அவரைப் புகைக்குள் கூட்டிக்கொண்டு போகிறது.

தண்ணீர் பாட்டிலை முந்தானையில் கவிழ்த்து, மூக்கை மூடிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தபடி குனிந்து, சுவரைத் தடவிக்கொண்டே போனாள். கண் எரிந்து நீர் கொட்டிற்று. ‘கர்த்தரே, கர்த்தரே’ என்பதைத் தவிர மனசில் ஒன்றும் ஓடவில்லை. கையில் ஒரு வேட்டி முனை அகப்பட்டது. நடனசபாபதி படிக்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்று இருமினார். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் படியில் உருண்டிருப்பார். பிரிசில்லா அவரைப் பின்னால் இழுத்துவிட்டு, செங்கல்லை எட்டி உதைத்தாள். கதவு தடாலென்று சாத்திக்கொண்டது. அந்தப் பெரிய மனுஷரின் மணிக்கட்டை அதற்கு முன் யாரும் அப்படிப் பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்த பிடியில் மேற்கே இழுத்துக்கொண்டு வந்தாள்.

புங்க மரத்தடியில் முதலில் பார்த்தது மங்கலம்தான். கையிலிருந்த டீ அப்படியே தரையில் கொட்டியது. “அய்யோ, மேடம்! அய்யா!”

அப்புறம் ஒரே ஓட்டம். தீயணைப்பு ஆட்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினார்கள். கொஞ்ச நேரம் அவர் நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. பிறகு அவர் முகமூடியைத் தள்ளிவிட்டு, “என் மெஷின் மேசையில இருக்குது, யாராச்சும் எடுத்தாங்க” என்று காதைக் காட்டினார். எல்லோருக்கும் உயிர் வந்தது.

“கடலூர் போறதா இருந்துதுங்களே அய்யா?” என்றார் பதிவாளர், காதோரம் குனிந்து.

“கூட்டத்த ஒத்தி வச்சிட்டாங்க. படுத்தேன்.” பிரிசில்லா பக்கம் விரலைக் காட்டினார். “இந்தப் பொண்ணு வரலன்னா அங்கியேதான் கெடந்திருப்பேன்.”

எல்லாப் பார்வையும் அவள் பக்கம் திரும்பியது. முந்தானையெல்லாம் கரி, தலை கலைந்து கிடந்தது. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவர்களே கதையைக் கட்டி முடித்துவிட்டார்கள். அய்யாவைக் காணோம் என்று மேடம் மட்டும் கண்டுபிடித்திருக்கிறார், தன்னந்தனியாகத் திரும்பி மேலே ஓடியிருக்கிறார். பின்வரிசையில் ஒரு பையன் கைதட்ட, கூட்டமே தட்டியது. முன்னே சுவாதிக்குத் தட்டியதைவிட இது பெரிய தட்டல். பிரிசில்லா அதையும் கவனிக்கத் தவறவில்லை.

“அனுபவம்னா அனுபவந்தான்,” என்றார் பதிவாளர். “நாங்கதான் மாத்தித் தப்புப் பண்ணிட்டோம்.”

சுவாதி அழுதுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்றினாள். அதைக் கொண்டுவந்து பிரிசில்லாவின் கையில் வைத்தாள். “என் தப்புதாங்க சார்,” என்று அதிகாரியிடம் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. “மேடம் வந்து சொல்லல. வரலன்னு எனக்குத் தெரிஞ்சிது. மைக்குல பேர் சொல்லிக் கூப்புட வாய் வரல. அவுங்கள நான் எப்படிக் கூப்புடுறது? அய்யாவையும் அப்படித்தான் டிக் பண்ணேன்.”

சடையப்பன் மீசையைத் தடவினார். அவர் சத்தம் போடவில்லை. “யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?”

சுவாதி வாயைத் திறக்கவில்லை. பிரிசில்லாவைப் பார்க்கவும் இல்லை. இப்போதும் காப்பாற்றுகிறாள், பாவி.

“சரி. இன்னொரு தரம் எடுங்க,” என்றார் அதிகாரி. “எல்லாரையும். வெறும் பேரு. சாரு, மேடம், அய்யா ஒண்ணும் வேணாம். கூப்புட்டவங்க சைரன் அடிச்சப்ப எங்க இருந்தாங்க, எந்தப் படியில எறங்குனாங்கன்னு சொல்லணும். மேல பொகை எப்படி வந்துதுன்னும் எனக்குத் தெரியணும்.”

சுவாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். முதலில் குரல் கம்மியது, போகப் போகச் சரியாயிற்று. பதிவாளரைக்கூட மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திடுக்கிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி, “நான் இங்கியேதான் இருந்தேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. “நடனசபாபதி!” என்று அவள் கூப்பிட்டபோது பக்கத்தில் நின்றவர் அவர் காதில் சொல்ல, அவர் கையை உயர்த்தினார்.

பிரிசில்லாவின் கையில் ஜாக்கெட் இருந்தது. இத்தனை மாசம் வயிறெரிந்து கேட்ட ஜாக்கெட். அதில் சுவாதியின் வியர்வை ஈரம் இன்னும் காயவில்லை. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ‘மூணாவது மாடி, அய்யா ரூம் வாசல்.’ பொய்யே இல்லை, பாதி உண்மைதான். செங்கல் யார் வைத்ததென்று யாருக்குத் தெரியப்போகிறது? அந்த மாடியில் செங்கல் காலங்காலமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அடுத்த வருஷம் விசிலும் அவளுடையது.

நாற்காலியில் நடனசபாபதி மறுபடி இருமினார். இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

“பிரிசில்லா!” மைக்கில் சுவாதியின் குரல்.

அம்மாவும் தேவசகாயமும் தவிர யாரும் அவளை அப்படி வெறுமனே கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கூட்டம் காத்திருந்தது. சுவாதி காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். தேடியிருந்தால் இப்படித்தான் பார்த்திருப்பாள்.

“கருவி ரூம்ல இருந்தேன்,” என்றாள் பிரிசில்லா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “ஒளிஞ்சிகினு இருந்தேன். எறங்கவே இல்ல. நீ என்னைத் தேடிக்கினு அலையணும், ஆபீஸர் முன்னால ஒன் கணக்கு தப்பாவணும்னு. அய்யா ரூம் கதவ நான் தட்டல. கெழக்குக் கதவுல செங்கல்ல வச்சதும் நான்தான். பெரியவங்களப் பேர் சொல்லிக் கூப்புடாதன்னு ஒனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.”

பதிவாளர் தரையைப் பார்த்தார். மங்கலம் வாயைப் பொத்திக்கொண்டாள். நடனசபாபதி மட்டும், “என்னா சொல்லுது அந்தப் பொண்ணு?” என்று பக்கத்தில் கேட்டார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சுவாதியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவள் திட்டுவாள் என்று பிரிசில்லா எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. சுவாதி காகிதத்தைப் பார்த்தாள். பேனாவை அந்தப் பெயருக்கு நேராக வைத்தாள்.

“எந்தப் படி வழியா எறங்குனீங்க?”

“மேக்குப் படி.”

டிக் அடித்தாள். பிறகு கையை நீட்டினாள். பிரிசில்லா ஜாக்கெட்டைக் கொடுத்தாள். சுவாதி அதை மாட்டிக்கொண்டு, காலரைச் சரிசெய்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். குரல் துளியும் நடுங்கவில்லை. பிரிசில்லாவுக்கு அந்தக் குரலின் மேலும் பொறாமையாக இருந்தது.